ஃபீல்டு பிரிண்ட் சொதப்பினால் முதலில் நாற்காலியைப் பாருங்கள்

ஃபீல்டு என்றால் பார்வைப் புல டெஸ்ட்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிண்ணம் போன்ற மெஷினுக்குள் பார்த்தபடி, வெளிச்சப் புள்ளி தெரியும்போது பட்டனை அழுத்த வேண்டும். ஃபீல்டு ரூமில் அந்த மெஷினைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். பெயர், பிறந்த தேதி, எந்தக் கண், 24-2 என்ற புள்ளி அமைப்பு, சீட்டா ஃபாஸ்ட் என்ற வேக முறை, ஸ்டார்ட். ஆளை உட்கார வைக்கக் கற்றுக்கொள்ளத்தான் வருடங்கள் ஆகின்றன. டாக்டர் மேஜையிலிருந்து ‘நம்ப முடியவில்லை, மறுபடி எடுக்கவும்’ என்ற கிறுக்கலோடு திரும்பி வரும் பிரிண்டுகளில், மெஷின் பழுதால் கெட்டவை நான் பார்த்தவரை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் தாடை, நெற்றி, இமை, லென்ஸ், நாற்காலி, அப்புறம் நாம் சொல்லாமல் விட்ட நாலு வாக்கியம்.

அதனால் இதைப் பின்னாலிருந்து எழுதுகிறேன். பிரிண்டில் என்ன தெரிகிறதோ அதில் ஆரம்பித்து நாற்காலிக்குப் போவோம். நான் பழகியது ஹம்ஃப்ரி மெஷின். எண்களும் அதனுடையவைதான்.

இரண்டு எண்கள் மட்டும் மனதில் இருக்கட்டும். கிண்ணத்தின் உட்சுவர் கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரம். ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் எரிவது 200 மில்லிசெகண்ட், அதாவது ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. 30 சென்டிமீட்டர் என்பதால்தான் கிட்டப் பார்வைக்கான பவர் போடுகிறோம். 200 மில்லிசெகண்ட் என்பதால்தான் புள்ளியைத் தேடிக் கண்ணைத் திருப்பினால் பயனில்லை என்கிறோம். கண் கிளம்புவதற்குள் வெளிச்சம் அணைந்திருக்கும்.

படம் பளிச்சென்று வெள்ளை, எண்கள் நம்ப முடியாத உயரத்தில்

சாம்பல் படத்தில் ஆங்காங்கே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைத் திட்டு. எவ்வளவு மங்கல் வெளிச்சம் வரை தெரிகிறது என்று சொல்லும் எண்கள் 40 டெசிபலைத் தாண்டி நிற்கும். மனிதக் கண்ணுக்கு அது சாத்தியமே இல்லை. ஃபால்ஸ் பாசிட்டிவ் 15 சதவீதத்தை மீறியிருக்கும். அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் டோட்டல் டீவியேஷன் சுத்தமாக இருக்க, பொதுவான ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுக் காட்டும் பேட்டர்ன் டீவியேஷனில் மட்டும் கறுப்புக் கட்டங்கள் முளைத்திருக்கும். வெளிச்சம் வராதபோதும் பட்டனை அழுத்தியிருக்கிறார் என்று அர்த்தம்.

சோழவந்தான் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியை என்னால் மறக்க முடியாது. டக் டக் டக்கென்று தறி ஓட்டுகிற மாதிரி அழுத்திக்கொண்டே இருந்தார். நிறுத்திவிட்டுக் கேட்டேன். “ஏன் பாட்டி, இவ்வளவு வேகமா அழுத்துறீங்க?”

“அழுத்தாம விட்டா கண்ணு தெரியலைன்னு எழுதிருவியேப்பா.”

அன்றைக்குப் புரிந்தது. இவர்கள் இதைப் பரீட்சையாக நினைக்கிறார்கள். ஃபெயிலானால் ஆபரேஷன், ஊசி, இல்லாவிட்டால் வீட்டில் இனி தனியாக வெளியே போகக்கூடாது என்ற தடை. பயந்த கை அழுத்தத்தான் செய்யும். இன்னொரு காரணமும் உண்டு. புள்ளியின் இடத்தை மாற்றும்போது மெஷின் மெல்ல ஒரு சத்தம் போடும். கண்ணால் பார்க்காமல் அந்தச் சத்தத்துக்கே அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் ஒரே தாளத்தில் வருவதாக நினைத்துக்கொண்டு அந்தத் தாளத்துக்கு அழுத்துபவர்களும் உண்டு.

இப்போது எல்லோரிடமும் இப்படிச் சொல்கிறேன். “நடுவில மஞ்சளா ஒரு விளக்கு எரியும். கண்ணு அதிலேயே இருக்கட்டும். சுத்தி எங்கயாவது மினுக்குன்னு வெளிச்சம் வந்தா ஒரு தடவை அழுத்துங்க. சிலது பளிச்சுன்னு இருக்கும், சிலது ரொம்ப மங்கலா இருக்கும். பாதி வெளிச்சம் யாருக்குமே தெரியாது. நான் உக்காந்தாலும் தெரியாது. தெரியலைன்னா சும்மா இருங்க, அது தப்பில்ல. சத்தம் வரும், அதைக் கண்டுக்காதீங்க.”

இதில் உயிரான வரி ‘பாதி வெளிச்சம் யாருக்குமே தெரியாது’ என்பது. அது ஆறுதலுக்குச் சொல்கிற பொய்யும் இல்லை. தெரிவதற்கும் தெரியாததற்கும் நடுவில் உள்ள எல்லையைத்தான் மெஷின் தேடுகிறது. அதனால் காட்டுகிற புள்ளிகளில் ஏறக்குறைய பாதி தெரியாமல் போகும்படிதான் அது அமைந்திருக்கிறது. இதைச் சொன்னதும் பல பேருடைய தோள் ஒரு அங்குலம் கீழே இறங்குவதைப் பார்க்கலாம்.

முதல் ஒரு நிமிடத்திலேயே ஃபால்ஸ் பாசிட்டிவ் ஏறுவது தெரிந்தால் தொடர விடாதீர்கள். நிறுத்துங்கள், டெமோ போடுங்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பின்னால் சரியாகிவிடும் என்று ஓடவிட்டால் நேரம்தான் வீண். இந்த வகைக் கெட்ட பிரிண்ட் மற்றதைவிட ஆபத்தானதும்கூட. நோய் இருப்பவருக்கு ஒன்றுமில்லை என்று காட்டிவிடும்.

ஃபிக்ஸேஷன் லாஸ் பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி

20 சதவீதம் தாண்டினால் மெஷின் இந்தக் குறியைப் போடும். உடனே “நேரா பாருங்கம்மா, நேரா பாருங்க” என்று அதட்ட ஆரம்பிப்பது நம் பழக்கம். கொஞ்சம் பொறுங்கள். மெஷின் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று யோசியுங்கள். டெஸ்ட் தொடங்கும்போது, வெளிச்சமே தெரியாத குருட்டுப் புள்ளி கண்ணில் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஏறக்குறைய 15 டிகிரி தள்ளி, கொஞ்சம் கீழே. அப்புறம் நடுநடுவே அந்த இடத்தில் வெளிச்சம் போட்டுப் பார்க்கும். அழுத்தினால் கண் நகர்ந்துவிட்டது என்று கணக்கு.

ஆக, கண் நகராமலே இந்த எண் ஏறலாம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குருட்டுப் புள்ளியும் இடம் மாறிவிடும். மெஷின் குறித்த இடம் முதலிலேயே தப்பாக இருந்தாலும் அப்படித்தான். சும்மா சும்மா அழுத்துபவருக்கு இதுவும் சேர்ந்து ஏறும். அதனால் ஃபால்ஸ் பாசிட்டிவும் அதிகமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மானிட்டரில் கண்ணைப் பாருங்கள். கண் பாப்பா நடுவில் ஆடாமல் நிற்கிறது, ஆனாலும் எண் ஏறுகிறது என்றால் நிறுத்தித் தலையை நிமிர்த்துங்கள், குருட்டுப் புள்ளியை மறுபடி குறிக்கச் சொல்லுங்கள். அதோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். பாப்பா உண்மையிலேயே அங்கும் இங்கும் ஓடுகிறது என்றால் மட்டும் ஆளிடம் பேச வேண்டும். அதட்டாமல்.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் ஃபோவியா, அதாவது விழித்திரையின் மையப் புள்ளி. அதை அளக்கும் ஃபோவியல் த்ரெஷோல்ட் ஆனில் இருந்தால் முதலில் நடு விளக்குக்குக் கீழே நாலு சின்ன விளக்குகள் எரியும். அவற்றின் மையத்தைப் பார்க்கச் சொல்வோம். அது முடிந்ததும் மேலே மஞ்சள் விளக்குக்கு வரச் சொல்ல வேண்டும். நாம் மறந்துவிட்டால் ஆள் நல்ல பிள்ளையாகக் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார். ஃபீல்டு முழுக்க இடம் நகர்ந்துவிடும். பழி அவர் மேல் விழும்.

நடு விளக்கே தெரியாதவர்களும் வருவார்கள். விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலாவில் பாதிப்பு இருந்தால் அவர்கள் எதைப் பார்ப்பது? நாலு விளக்குகள் கொண்ட பெரிய டைமண்டைப் போட்டு, “நாலு விளக்குக்கும் நடுவில இருக்கிற வெற்றிடத்தைப் பாருங்க” என்று சொல்லுங்கள்.

ஃபிக்ஸேஷன் லாஸ் நூறை நெருங்குகிறது, ஆனால் ஃபீல்டு அழகாக இருக்கிறது, குருட்டுப் புள்ளியைக் காணோம். இப்படி வந்தால் யோசிக்கவே வேண்டாம். மூடிய கண் மூடவில்லை. பேட்ச் நழுவியிருக்கும். ஒரு கண்ணின் குருட்டுப் புள்ளியை இன்னொரு கண் பார்த்துவிடுகிறது. குருட்டுப் புள்ளி எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் திரையில் ஒரு கண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற கண்ணை எடுத்திருக்கிறீர்கள். தாடைக் கப் இரண்டு இருப்பது இதற்கும் ஒரு பாதுகாப்பு. வலது கண் எடுக்கும்போது தாடை அவருடைய இடது கப்பில் இருக்க வேண்டும், இடது கண்ணுக்கு வலது கப்பில். அப்போதுதான் கண் கிண்ணத்தின் நடுவுக்கு வரும்.

பேட்ச் பற்றி ஒரு வார்த்தை. கறுப்புப் பேட்சைவிட வெளிச்சம் கசியும் வெள்ளைப் பேட்ச் நல்லது. கறுப்பில் மூடிய கண்ணின் இருட்டு, திறந்த கண்ணின் காட்சியோடு கலந்து, “எல்லாம் இருட்டிக்கிட்டு வருது தம்பி” என்பார்கள். உண்மையிலேயே இருட்டும்.

மேல் பாதி மட்டும் கறுப்பு

இமை. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் சந்தேகம் இமை மேல்தான் வர வேண்டும். உட்காரும்போது கண் நன்றாகத் திறந்திருக்கும், மூன்றாவது நிமிடத்தில் பாதி இறங்கிவிடும். மானிட்டரில் பாப்பாவின் மேல் ஓரத்தை இமை தொடுகிறதா என்று நடுவிலும் பாருங்கள். தொட்டால் பேப்பர் டேப்பால் இமையை மெதுவாக மேலே ஒட்டுங்கள். கண் சிமிட்ட முடிகிற அளவுக்குத்தான். சிமிட்ட முடியாதபடி ஒட்டினால் கண் காய்ந்து இன்னொரு கோளாறு வரும். ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டால் நல்லது. டேப் ஒட்டியதைப் பிரிண்டில் எழுத மறக்காதீர்கள். அடுத்த ஆறு மாதத்தில் வேறொருவர் டேப் இல்லாமல் எடுத்தால், நோய் முற்றிவிட்டதாகத் தோன்றும்.

இமை சரியாக இருந்தும் மேலே கறுத்தால் புருவ எலும்பு. கண் உள்வாங்கியவர்களுக்கு இது வரும். தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் புருவம் பின்வாங்கும். மூக்கு எடுப்பாக இருந்து உட்பக்கக் கீழ் மூலை கறுத்தால், எடுக்கும் கண்ணுக்கு எதிர்ப்பக்கமாக முகத்தை ஒரு சிறிது திருப்புங்கள். சிறிது என்றால் சிறிதுதான்.

ஓரத்தைச் சுற்றி வளையம் அல்லது பிறை

வெளி ஓரப் புள்ளிகள் மட்டும் பூஜ்யம், அதற்கு அடுத்த புள்ளி நன்றாக இருக்கும். நடுவில் படிப்படியான சரிவே இருக்காது. 24-2ஐவிட, இன்னும் வெளியே வரை எடுக்கும் 30-2இல் அதிகம் பார்க்கலாம். இது லென்ஸ் விளிம்பின் நிழல்.

டிரையல் பெட்டியில் சிவப்பு, கறுப்பு வளையம் போட்ட தடித்த விளிம்பு லென்ஸை எடுத்திருந்தால் அங்கேயே தப்பு. மெல்லிய உலோக விளிம்பு கொண்ட முழு அகல லென்ஸ்தான் இதற்கு. ஸ்பியர் (சாதாரணப் பவர் லென்ஸ்) கண்ணுக்குப் பக்கத்தில், சிலிண்டர் (அஸ்டிக்மாடிசத்துக்கான லென்ஸ்) அதற்கு முன்னால். லென்ஸை எவ்வளவு நெருக்கலாம் என்பதற்கு நான் செய்வது இதுதான்: தாங்கியை நகர்த்திக்கொண்டே “சிமிட்டுங்க” என்பேன். இமை முடி லென்ஸில் உரசுவதாக அவர் சொன்னதும் ஒரு நூல் பின்னால் இழுப்பேன். கண்ணாடியில் முடி பட்டால் எண்ணெய்க் கோடு விழும். பட்டால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் வளையம் வந்தால் ஆள் நடுவில் பின்னால் போயிருக்கிறார். நெற்றி பட்டையை விட்டு ஒரு விரற்கடை விலகினால் போதும், லென்ஸுக்கும் கண்ணுக்கும் தூரம் கூடி விளிம்பு உள்ளே வந்துவிடும். ஏன் விலகுகிறார்? கழுத்து வலி. மேஜை உயரமாக இருந்தால் கழுத்தை நீட்டித் தாடையை வைக்கிறார், தாழ்வாக இருந்தால் கூனிக்கொள்கிறார். சரியான உயரம் என்பது முதுகு நிமிர்ந்து, இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிந்து உட்காருவது. குள்ளமான பாட்டிகளுக்குக் கால் தொங்கும். ஒரு பலகையைப் போடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரை இறக்க முடியாவிட்டால் பிரேக்கைப் பூட்டுங்கள். ஃபீல்டு ரூமில் உருளும் நாற்காலியை வைத்தவரைத்தான் முதலில் திட்ட வேண்டும்.

பின்னந்தலையில் பெரிய கொண்டை, அதில் ஒரு முழம் மல்லிகை. தலை லேசாக முன்னால் தள்ளும் என்று நினைத்தால், கனத்துக்குப் பின்னால் இழுக்கிறது என்றார் ஒரு அம்மா. பூவை எடுத்து அவர் மடியில் வைத்ததும் வளையம் போய்விட்டது. சிரிக்க வேண்டாம், உண்மை.

30 டிகிரிக்கு வெளியே எடுக்கும் டெஸ்ட் என்றால் லென்ஸையும் தாங்கியையும் எடுத்துவிட வேண்டும். இதை மறந்தால் வளையம் நிச்சயம்.

எங்கும் மங்கல், எந்த வடிவமும் இல்லை

கண்புரையாக இருக்கலாம், அதை டாக்டர் பார்ப்பார். நம் பக்கம் பார்க்க வேண்டியது பவர். ஒரு டயாப்டர் தப்பினால் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் எல்லா இடத்திலும் இறங்கும்.

கணக்கு எளிது: தூரப் பவரோடு வயதுக்கான கூடுதலைச் சேர்க்க வேண்டும். 30 வயதுக்குக் கீழ் ஒன்றும் வேண்டாம். 30 முதல் 39 வரை +1.00. அப்புறம் ஐந்து வயதுக்கு அரை டயாப்டராக ஏறி, 40இல் +1.50, 45இல் +2.00, 50இல் +2.50, 55இல் +3.00. 60 முதல் +3.25. கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தவர்களுக்கும், சொட்டு விட்டுப் பாப்பாவை விரித்தவர்களுக்கும் வயது என்னவானாலும் +3.25. சிலிண்டர் 1.25க்குக் கீழ் இருந்தால் பாதியை ஸ்பியரில் சேர்த்துவிடலாம், 0.25ஐ விட்டுவிடலாம்.

62 வயது, தூரத்துக்கு மைனஸ் 2.00 என்றால் போட வேண்டியது +1.25. அவசரத்தில் கண்ணாடிச் சீட்டைப் பார்த்து மைனஸ் 2.00ஐயே செருகுவது புதியவர்கள் செய்யும் தப்பு. அதே வயதில் மைனஸ் 3.25 உள்ளவருக்கு லென்ஸே வேண்டாம். பைஃபோக்கலையோ புரோகிரஸிவையோ போட்டபடி எடுக்கவே கூடாது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். 1948இல் பிறந்த ஒருவருக்கு 1984 என்று அடித்துவிட்டேன். மெஷின் வயதைப் பார்த்து +1.00 போதும் என்றது, நானும் போட்டேன். படம் மங்கலாக வந்ததோடு, முப்பது சொச்சம் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டதால் எம்.டி. (அந்த வயதின் இயல்பிலிருந்து சராசரி வித்தியாசம்) இன்னும் மோசமாக வந்தது. அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று மகன் சொன்னார். ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருக்கும் பெரியவர்களுக்கு வரவேற்பில் தோன்றிய தேதியை அடிப்பதும் நடக்கிறது. நாள் மாதம் பரவாயில்லை, வருடத்தை ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள்.

பாப்பா 3 மில்லிமீட்டரைவிடச் சிறியதாக இருந்தாலும் மங்கும். முக்கியம், ஒவ்வொரு தடவையும் ஒரே நிலையில் எடுப்பது. போன தடவை விரிக்காமல் எடுத்திருந்தால் இந்தத் தடவையும் அப்படியே. கண் அழுத்தம் பார்த்துவிட்டு, ஜெல் வைத்துக் கண்ணுக்குள் உள்ள கோணத்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஃபீல்டுக்கு அனுப்பாதீர்கள். கருவிழி மங்கியிருக்கும். ஃபீல்டுதான் முதலில்.

மாஸ்க் போட்டிருந்தால் மூச்சு மேலே ஏறி லென்ஸில் ஆவி படியும். மேல் விளிம்பில் டேப் ஒட்டுங்கள். வெயிலில் நடந்து வந்தவரை உடனே உட்கார வைக்காமல் சில நிமிடம் மங்கலான அறையில் இருக்கச் சொல்லுங்கள்.

நாலு இதழ்ப் பூ

நடுவைச் சுற்றி நாலு மூலையிலும் வெள்ளைத் திட்டு, மற்றதெல்லாம் கறுப்பு. முதலில் சோதிக்கப்படும் நாலு புள்ளிகள் அவை. அதுவரை கவனமாக அழுத்திவிட்டு அப்புறம் விட்டுவிட்டார். தூங்கியிருக்கலாம், அலுத்திருக்கலாம், பட்டன் கையிலிருந்து நழுவி மடியில் கிடக்கலாம். காலை ஐந்து மணிக்குப் பஸ் ஏறி, வெறும் வயிற்றில் வந்து, ஒரு மணிக்கு நம்மிடம் உட்காருபவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பட்டனை அழுத்திப் பிடித்தால் டெஸ்ட் நிற்கும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். அது தெரிந்தாலே பாதிக் களைப்பு போகும். அழுத்தும்போதே சிமிட்டச் சொன்னால் கண்ணும் காயாது. பக்கத்திலேயே இருந்து “நல்லா போகுது, பாதி முடிஞ்சிருச்சு” என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் போட்டுவிட்டுப் போனோடு வெளியே போகும் டெக்னீஷியனால் வருவதுதான் இந்தப் பூ.

ஆனால் ஃபால்ஸ் நெகட்டிவ், அதாவது தெரிய வேண்டிய வெளிச்சத்துக்கும் அழுத்தாமல் விட்டது, அதிகம் என்று மட்டும் பார்த்து ஆள் தூங்கினார் என்று எழுதிவிடாதீர்கள். நோய் முற்றிய கண்ணில் முழுக் கவனத்தோடு செய்தாலும் அது ஏறும்.

கோளாறு என்று ஒதுக்கக்கூடாத ஒன்று

இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம், நடுச் செங்குத்துக் கோட்டோடு கத்தியால் வெட்டிய மாதிரி கறுப்பு நின்றால் இமையும் இல்லை, லென்ஸும் இல்லை, தூக்கமும் இல்லை. அது மூளைக்குப் போகும் பாதையில் உள்ள விஷயம். மறுபடி எடுக்கிறேன் என்று அவரை வரிசையில் உட்கார வைக்காதீர்கள். பிரிண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போங்கள்.

மற்றவர்களுக்கு, ஒரே நாளில் இரண்டு தடவைக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். மூன்றாவது நிச்சயம் முதலாவதைவிட மோசமாக வரும். முதல் முறை வருபவர்கள் அடுத்த தடவை தானாகவே நன்றாகச் செய்வார்கள். பிரிண்டின் ஓரத்தில் பேனாவால் எழுதி அனுப்புங்கள்: ‘முதல் ஃபீல்டு. இமைக்கு டேப். கழுத்து வலி, இரண்டு தடவை நிறுத்தினோம். காலையில் வரச் சொல்லியிருக்கிறேன்.’